மாவட்ட முகமையின் பணம்: ஒதுக்கீடும் வரவும்

ஊராட்சி மன்றக் கூட்டங்களிலும் கிராம சபையிலும் அடிக்கடி எழுப்பப்படும் வினா ஒன்று உண்டு. "எங்கள் ஊர்ச் சாலைக்கு இத்தனை இலட்சம் ரூபாய் ஒதுக்கியிருப்பதாக அறிவித்தார்களே, அந்தப் பணம் எங்கே போயிற்று?" என்பதே அது. வினவுவோர் சினத்துடன் வினவுவதும், விடை கூறவேண்டியவர் மேலிடத்தைச் சுட்டிக்காட்டித் தப்பிக்கொள்வதும் வழக்கமாகிவிட்டன. உண்மையில் பெரும்பாலான நேரங்களில் பணம் எங்கும் போய்விடவில்லை, அது வரவேயில்லை. ஒதுக்கீடு என்பது பணம் அன்று. இத்துணைத் தொகை வரை இப்பணிக்குக் கேட்கலாம் என்னும் அனுமதியே ஒதுக்கீடு. அந்த அனுமதி பணமாக மாறி ஊர் வந்து சேருவதற்குச் சில படிகள் உள்ளன. அப்படிகளில் சில தலைநகரங்களில் இருக்கின்றன. சில நம் ஊராட்சி அலுவலகத்தின் மேசை மீதே இருக்கின்றன. பின்னவற்றை நாம் அறிந்து கொள்ளாதவரை முன்னவற்றைக் குறை கூறிப் பயனில்லை.

மல்லசமுத்திரம் வட்டாரத்து விவசாயிகளுக்கு இது விளங்காத செய்தி அன்று. பருத்தி மூட்டையைக் கூட்டுறவு விற்பனைச் சங்கத்தின் ஏலக் களத்தில் இறக்கியவுடன் எவரும் அதனைப் பணம் என்று எண்ணிச் செலவு செய்துவிடுவதில்லை. எடை போடவேண்டும், தரம் பார்க்கவேண்டும், ஏலம் படியவேண்டும், பிறகுதான் தொகை. அரசாங்கப் பணமும் அதே போன்று படிப்படியாகத்தான் கைக்கு வருகிறது.

ஊரக அபிவிருத்திக்கான பணத்தில் பெரும்பகுதி, கடந்த நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக, மாவட்ட ஊரக வளர்ச்சி முகமை என்னும் அமைப்பின் கணக்கு வழியே வந்திருக்கிறது. அந்த முகமையின் வரவு செலவு எவ்வாறு நடைபெற்றது, அதன் விதிகள் எவ்வாறு மாறின, அவ்விதிகளால் ஓர் ஊராட்சிக்கு நேரும் இலாப நட்டம் யாது என்பவற்றைச் சற்று விரிவாகக் காண்போம்.

1952 ஆம் ஆண்டு அக்டோபர் 2 ஆம் நாள் சமுதாய அபிவிருத்தித் திட்டம் நம் நாட்டில் தொடங்கப்பெற்றபோது, வட்டாரம் என்னும் அமைப்பு பிறந்தது. 1958 ஆம் ஆண்டின் சென்னைப் பஞ்சாயத்துச் சட்டத்தின்படி வட்டாரங்களே பஞ்சாயத்து யூனியன்களாக மாற்றப்பட்டன. அக்காலத்தில் பணம் அரசாங்கக் கருவூலத்திலிருந்து யூனியனுக்கு நேரே வந்தது. பிறகு, வறுமைக் கோட்டிற்குக் கீழ் உள்ள குடும்பங்களுக்குக் கறவை மாடும், கிணற்றுக்கு மோட்டாரும், சிறு தொழிலுக்குக் கடனும் வழங்கும் ஒருங்கிணைந்த ஊரக வளர்ச்சித் திட்டம் 1978-79 இல் தொடங்கி, 1980 அக்டோபர் 2 முதல் நாட்டிலுள்ள எல்லா வட்டாரங்களுக்கும் விரிவாக்கப்பட்டது. வங்கி, கால்நடைத் துறை, வேளாண்மைத் துறை ஆகிய எல்லாவற்றையும் ஒன்று சேர்த்து நடத்த மாவட்ட அளவில் ஓர் அமைப்புத் தேவைப்பட்டது. அவ்வாறு தோன்றியதே மாவட்ட முகமை. மாவட்ட ஆட்சியர் அதன் தலைவர். திட்ட இயக்குநர் அதன் செயல் அலுவலர்.

இம்முகமை ஓர் அரசாங்கத் துறையாக அமைக்கப்படாமல், சங்கங்களின் பதிவுச் சட்டத்தின் கீழ்ப் பதிவு செய்யப்பட்ட சங்கமாக அமைக்கப்பட்டது. இது ஏன் என்பதை ஊராட்சி உறுப்பினர் அறிந்திருத்தல் நலம். அரசாங்கத் துறையிடம் உள்ள ஒதுக்கீடு மார்ச் 31 ஆம் நாள் மாலையோடு காலாவதியாகிவிடும். சங்கத்தின் வங்கிக் கணக்கில் உள்ள பணமோ காலாவதியாவதில்லை. ஏப்ரல் முதல் நாள் காலையிலும் அது அங்கேயே இருக்கும். பாதி கட்டிய வீட்டிற்கும், மழையால் நின்ற சாலைக்கும் இது பெரிய வசதி. ஆனால் எந்த வசதிக்கும் மறுபக்கம் ஒன்று உண்டு. காலாவதியாகாத பணம் உறங்கும் பணமாகவும் மாறக்கூடும். ஓரிடத்தில் பணம் வங்கியில் கிடக்க, அதே திட்டத்தில் மற்றோரிடத்தில் பணமின்றி வேலை நிற்பதை நாடெங்கும் கண்டார்கள். இதனைத் தடுப்பதற்காகவே தவணை விதிகள் ஏற்பட்டன. அவற்றைப் பற்றிப் பின்னர்க் கூறுவோம்.

மல்லசமுத்திரம் நெடுங்காலம் சேலம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. 1997 ஜனவரி முதல் நாள் நாமக்கல் தனி மாவட்டமாகச் செயல்படத் தொடங்கியபின், நம் ஒன்றியம் உட்பட 15 ஒன்றியங்களுக்கும் நாமக்கல்லில் தனி முகமை ஏற்பட்டது. இந்த 15 என்னும் எண்ணுக்குப் பண வகையிலும் ஒரு பொருள் உண்டு.

எந்த அமைப்பின் வரவு செலவுத் திட்டத்தையும் படிக்கும்போது முதலில் பார்க்கவேண்டியது, அலுவலகத்தை நடத்த ஆகும் செலவும், மக்களுக்குச் செய்யும் வேலைக்கான செலவும் தனித்தனியே காட்டப்பட்டுள்ளனவா என்பதே. திருச்செங்கோட்டுப் பக்கத்தில் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி வைத்திருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். டீசலுக்கும் குழாய்க்கும் ஒரு கணக்கு. ஆட்களின் சம்பளத்திற்கும் வீட்டுச் செலவுக்கும் வேறொரு கணக்கு. இரண்டையும் ஒரே பையில் போட்டவர் ஒரு பருவத்தில் வண்டியை விற்றுவிடுவார்.

முகமைகளில் 1999 வரை இவ்விரண்டும் ஒரே பையில்தான் இருந்தன. ஒவ்வொரு திட்டத்தின் ஒதுக்கீட்டிலிருந்தும் ஒரு பங்கை எடுத்து அலுவலகச் செலவை நடத்தி வந்தார்கள். திட்டங்கள் பெருகினால் அலுவலகத்திற்கு வசதி. ஒரு திட்டம் நின்றால் அலுவலர் சம்பளத்திற்கே தட்டுப்பாடு. கறவை மாட்டுக்கு வந்த பணத்தில் எவ்வளவு மாட்டிற்குச் சென்றது, எவ்வளவு மேசை நாற்காலிக்குச் சென்றது என்பதைப் பிரித்துக் காண்பதும் எளிதாக இல்லை. 1999 ஏப்ரல் முதல் நாள் மத்திய அரசாங்கம் இதனை மாற்றியது. முகமை நிர்வாகத்திற்கென்றே ஒரு தனித் திட்டம் ஏற்பட்டது. செலவில் நூற்றுக்கு 75 பங்கு மத்திய அரசாங்கத்தினுடையது. 25 பங்கு மாநிலத்தினுடையது. அதற்கு உச்ச வரம்பும் விதிக்கப்பட்டது. 6 வட்டாரங்களுக்குக் குறைவாக உள்ள மாவட்டத்திற்கு ஆண்டுக்கு 46 இலட்சம், 6 முதல் 10 வரை உள்ளதற்கு 57 இலட்சம், 11 முதல் 15 வரை உள்ளதற்கு 65 இலட்சம், 15 க்கு மேற்பட்டதற்கு 67 இலட்சம் ரூபாய். ஆண்டுதோறும் நூற்றுக்கு 5 வீதம் இவ்வரம்பை உயர்த்திக் கொள்ளலாம்.

15 ஒன்றியங்கள் கொண்ட நாமக்கல் மூன்றாம் வகையில் வருகிறது. 65 இலட்சத்தில் 48 இலட்சத்து 75 ஆயிரம் மத்தியப் பங்கு. 16 இலட்சத்து 25 ஆயிரம் மாநிலப் பங்கு. ஓர் ஒன்றியத்திற்கு என்று வகுத்துப் பார்த்தால், தொடக்க ஆண்டில் மாவட்ட அலுவலகச் செலவு சுமார் 4 இலட்சத்து 33 ஆயிரம் ரூபாய் ஆகிறது. இது அதிகமா குறைவா என்று விவாதிக்கலாம். விவாதிக்கக்கூடிய வகையில் ஓர் எண் கிடைத்ததே பெரிய முன்னேற்றம் என்பது என் கருத்து. அதற்கு முன் அந்த எண்ணே ஊராட்சி உறுப்பினர் கண்ணில் பட்டதில்லை.

பிற நாடுகளிலும் இவ்வாறு பிரித்து வைக்கும் முறை உண்டு. அமெரிக்காவில் அப்பலாச்சிய மலைப்பகுதி நிலக்கரிச் சுரங்கங்கள் நிறைந்தும் வறுமையில் வாடியது. அப்பகுதியின் முன்னேற்றத்திற்காக 1965 இல் ஓர் ஆணையம் ஏற்படுத்தப்பட்டது. 13 மாநிலங்களின் ஆளுநர்களும் நடுவண் அரசாங்கத்தின் பிரதிநிதி ஒருவரும் அதில் உள்ளனர். அந்த ஆணையத்தின் அலுவலகச் செலவை நடுவண் அரசாங்கமும் மாநிலங்களும் சரிபாதியாக ஏற்கின்றன. சாலைக்கும் மருத்துவமனைக்கும் உரிய பணத்தில் அலுவலகம் கை வைப்பதில்லை. பாதிச் செலவைத் தாமே கொடுப்பதால், அலுவலகம் வீணாகப் பெருகுகிறதா என்று மாநிலங்களும் கவனித்துக் கொள்கின்றன.

இனித் தவணை விதிகளுக்கு வருவோம். ஊராட்சிகளுக்கு நேரடியாக நட்டமோ இலாபமோ தருவது இப்பகுதியே ஆதலின் சற்றுப் பொறுமையுடன் படிக்குமாறு அன்பர்களைக் கேட்டுக் கொள்கிறேன்.

இந்திரா நினைவுக் குடியிருப்புத் திட்டம் முதலிய திட்டங்களில் முகமைக்குரிய ஆண்டு ஒதுக்கீடு இரண்டு தவணைகளாக வந்தது. முதல் தவணை ஆண்டின் தொடக்கத்தில் வரும், அது பாதி. இரண்டாம் தவணையைக் கேட்பதற்கு நிபந்தனைகள் இருந்தன. கையில் இருந்த மொத்தப் பணத்தில் நூற்றுக்கு 60 பங்காவது செலவாகியிருக்கவேண்டும். முந்திய ஆண்டின் தணிக்கை அறிக்கை அனுப்பப்பட்டிருக்கவேண்டும். செலவான தொகைக்குப் பயனீட்டுச் சான்று தரவேண்டும். இவை யாவும் நிறைந்த விண்ணப்பம் டிசம்பர் மாதத்திற்குள் போய்ச் சேர்ந்தால், ஆண்டு ஒதுக்கீட்டில் மீதிப் பாதி, அதாவது நூற்றுக்கு 50, முழுமையாகக் கிடைக்கும். ஜனவரியில் போனால் 40 மட்டுமே. பிப்ரவரியில் போனால் 30. மார்ச்சில் போனால் 20.

இதன் பொருளை ஒரு கணக்கிட்டுப் பார்ப்போம். எளிதில் விளங்கும் பொருட்டு எண்களை நானே அமைத்துக் கொள்கிறேன். ஒரு மாவட்டத்திற்கு ஒரு திட்டத்தில் ஆண்டு ஒதுக்கீடு 1 கோடியே 20 இலட்சம் ரூபாய் என்று கொள்வோம். முதல் தவணை 60 இலட்சம். 15 ஒன்றியங்களுக்கும் சமமாகப் பங்கிட்டால் ஒன்றுக்கு 4 இலட்சம். இரண்டாம் தவணை கேட்க, 60 இலட்சத்தில் நூற்றுக்கு 60 பங்கு, அதாவது 36 இலட்சம், செலவாகியிருக்கவேண்டும்.

ஏழு ஒன்றியங்கள் மிகச் சுறுசுறுப்பாக வேலை செய்து தங்கள் 4 இலட்சத்தையும் முழுமையாகச் செலவிட்டுக் கணக்கும் கொடுத்துவிட்டன. அது 28 இலட்சம். மற்ற எட்டு ஒன்றியங்களும் தலைக்கு 1 இலட்சம் கணக்குக் கொடுத்தால் போதும். 36 இலட்சம் நிறைந்துவிடும். ஆனால் அவை தலைக்கு 50 ஆயிரம்தான் கணக்குக் கொடுத்தன. அது 4 இலட்சம். மொத்தம் 32 இலட்சமே ஆயிற்று. விண்ணப்பம் டிசம்பரில் போகவில்லை.

ஜனவரியில் கணக்கு நிறைந்து விண்ணப்பம் போயிற்று என்றால், 60 இலட்சத்திற்குப் பதிலாக 48 இலட்சம் வரும். 12 இலட்சம் போயிற்று. பிப்ரவரி ஆனால் 36 இலட்சம். மார்ச் ஆனால் 24 இலட்சம். ஓர் ஒன்றியத்தின் இரண்டாம் தவணைப் பங்கு 4 இலட்சத்திலிருந்து 3 இலட்சத்து 20 ஆயிரமாகி, பிறகு 2 இலட்சத்து 40 ஆயிரமாகி, முடிவில் 1 இலட்சத்து 60 ஆயிரமாகக் குறைகிறது. இக்குறைவு தாமதித்த எட்டு ஒன்றியங்களை மட்டும் தாக்குவதன்று. முழு வேலையையும் முடித்துக் கணக்கும் கொடுத்துவிட்டு அடுத்த தவணைக்குக் காத்திருக்கும் ஏழு ஒன்றியங்களையும் சேர்த்தே தாக்குகிறது. ஏனெனில் முகமைக்கு மாவட்டம் முழுவதற்கும் கணக்கு ஒன்றே. முன்னாளில் பங்காளிகளின் கூட்டுக் கிணற்றில் ஒருவர் மோட்டார்க் கட்டணம் செலுத்தாவிட்டால் எல்லோர் வயலுக்கும் மின்சாரம் நின்றுவிட்டதை அறியாதார் நம் பக்கத்தில் இல்லை.

இந்த விதி கடுமையானது என்று நான் கருதியதுண்டு, இன்றும் கருதுகிறேன். தாமதித்தவரின் பங்கைக் குறைத்து, முடித்தவருக்கு அதனைக் கொடுத்திருந்தால் நியாயமாக இருந்திருக்கும். சில மாவட்டங்களில் பின்தங்கிய இடங்களின் பணத்தை முந்திய இடங்களுக்கு மாற்றித் தவணையைக் காப்பாற்றியதும் உண்டு. அதுவும் முழு நியாயம் ஆகாது. ஏனெனில் பின்தங்கும் ஒன்றியமே பெரும்பாலும் ஏழை ஒன்றியமாக இருக்கும்.

சரி, ஒன்றியங்கள் ஏன் பின்தங்கின? வேலையே நடக்காததால் பின்தங்கிய இடங்கள் சில. வேலை நடந்தும் கணக்கு முடியாததால் பின்தங்கிய இடங்களே பல. கடலை உலர்த்துவதற்கு ஓர் ஊரில் சிமெண்ட் களம் போட முடிவாயிற்று என்று வைத்துக் கொள்வோம். மதிப்பீடு தயாரிக்கவேண்டும், நிர்வாக அனுமதியும் தொழில்நுட்ப அனுமதியும் பெறவேண்டும், வேலை முடிந்ததும் அளவுப் புத்தகத்தில் அளவு பதியவேண்டும், பொறியாளர் அதனைச் சரிபார்க்கவேண்டும், பிறகு பணப் பட்டியல். களத்தில் கடலை காய்ந்து, மூட்டையாகி, வண்டியேறியும் போயிருக்கும். அளவுப் புத்தகத்தில் மட்டும் களம் இன்னும் பிறந்திராது. மக்கள் கண்ணுக்கு வேலை முடிந்தது. முகமையின் கணக்குக்கு அது செலவே ஆகவில்லை.

தாமதத்தின் வேர் பல இடங்களில் நிலத்தில் இருக்கிறது. களம் போடும் இடம் நத்தமா, புறம்போக்கா, தனியார் பட்டாவா என்பது வேலை தொடங்கிய பிறகே ஆராயப்படுகிறது. பாதை போடப் போனால் நடுவில் ஒரு மின்கம்பம். அதனை மாற்ற மின்வாரியத்திற்கு எழுதவேண்டும், பணம் கட்டவேண்டும். இவற்றையெல்லாம் உறுப்பினர் ஒருவர் ஒரு மாலை வேளையில் கிராம நிர்வாக அலுவலரின் பதிவேட்டைப் பார்த்து முன்கூட்டியே தீர்த்திருக்கலாம்.

பருவத்தையும் மறக்கலாகாது. முதல் தவணைப் பணம் வந்து, பணிகள் தேர்வாகி, மதிப்பீடும் அனுமதியும் முடிவதற்குள் ஆடி, ஆவணி வந்துவிடும். மானாவாரிக் கடலையும் சோளமும் விதைத்த குடியானவன் களை எடுக்கவும் அறுக்கவும் ஆள் தேடும் காலம் அது. தொடர்ந்து ஐப்பசி, கார்த்திகை, வடகிழக்குப் பருவமழை. மண் வேலை எதுவும் நடவாது. மழை ஓய்ந்து மண்வெட்டியை எடுக்கும்போது டிசம்பர் முடிந்திருக்கும். தவணையின் கெடு நம் மழையைப் பார்த்து வகுக்கப்பட்டதன்று. ஆகையால் நாம்தான் மழையைப் பார்த்து வேலையை வகுத்துக் கொள்ளவேண்டியிருந்தது. பங்குனியிலேயே நிலம் பார்த்து மதிப்பீட்டை ஆயத்தமாக வைத்திருந்த ஊராட்சிகள் வைகாசியில் வேலை தொடங்கின. அவற்றுக்கு எந்த ஆண்டும் குறை வந்ததாக எனக்கு நினைவில்லை.

கணக்கு வகையில் மற்றொரு செய்தியும் உண்டு. முகமையிலிருந்து ஒன்றியத்திற்கோ ஊராட்சிக்கோ பணம் அனுப்பப்பட்டால் அது செலவு ஆகாது, அது முன்பணமே. வேலை முடிந்து பட்டியல் வந்த பிறகே அது செலவாகும். பண்ணையில் ஆளுக்கு முன்பணம் கொடுத்தவர் அதனையே அறுப்புக் கூலியாக எழுதிவிட்டால் கணக்கு எப்படி இருக்கும்? ஆயினும், அனுப்பிய பணத்தையெல்லாம் செலவு என்று எழுதி, நூற்றுக்கு 60 என்னும் வரம்பைக் காகிதத்தில் எட்டிக் காட்டும் வழக்கம் நாட்டில் பல இடங்களில் இருந்தது. இந்தியத் தணிக்கைத் தலைவரின் அறிக்கைகள் இதனைப் பலமுறை சுட்டிக்காட்டியுள்ளன. அவ்வாறு காட்டியவர் இரண்டாம் தவணையைப் பெற்றுவிடுவார் என்பது உண்மையே. ஆனால் சரிக்கட்டப்படாத முன்பணம் ஆண்டுக்கு ஆண்டு வளர்ந்து, ஒருநாள் தணிக்கைத் தடையாக ஊராட்சித் தலைவரின் வாசலில் வந்து நிற்கும். அப்பொழுது முன்பணம் பெற்றவர் பதவியில் இரார்.

மேற்கூறிய முறைகளில் பல இன்று மாறிவிட்டன. அம்மாற்றங்களையும் அறிந்து கொள்ளவேண்டும்.

முதலாவது, பணம் வரும் வழி. முன்பு மத்தியப் பங்கு டெல்லியிலிருந்து நேரே முகமையின் வங்கிக் கணக்குக்கு வந்தது. மாநிலச் சட்டமன்றம் நிறைவேற்றும் வரவு செலவுத் திட்டத்தில் அத்தொகை இடம் பெறவில்லை. மக்கள் பிரதிநிதிகளின் பார்வைக்கு வெளியே பெருந்தொகைகள் ஓடுவது முறையன்று என்ற கருத்து வலுத்தது. டாக்டர் சி. ரங்கராஜன் தலைமையில் அமைந்த நிபுணர் குழு 2011 இல் இதனை வற்புறுத்தியது. 2014-15 முதல் மத்தியப் பங்கு முழுவதும் மாநிலத் தொகுப்பு நிதியின் வழியாகவே வரத் தொடங்கிற்று. கணக்கு ஒழுங்காயிற்று. படியும் ஒன்று கூடிற்று. முன்னர் முகமையில் கேட்டறியத்தக்க செய்தியைப் பின்னர்ச் சென்னையில் கேட்டறிய வேண்டியதாயிற்று.

இரண்டாவது, பணம் தங்கும் இடம். 2021 ஜூலை முதல் நாளிலிருந்து, மத்தியப் பங்குள்ள ஒவ்வொரு திட்டத்திற்கும் மாநிலம் முழுமைக்கும் ஒரே வங்கிக் கணக்கு என்னும் முறை வந்தது. கீழுள்ள அலுவலகங்களின் கணக்குகளில் இருப்பு எதுவும் இராது; பட்டியல் ஏறும்போது மேலிருந்து தொகை கழியும். முன்பு மாவட்டக் கணக்கில் கிடந்த பணத்தின் வட்டி அந்தத் திட்டத்திற்கே உதவிற்று; இப்புதிய முறையில் வட்டி அரசாங்கத்தின் தொகுப்பு நிதிக்குத் திரும்புகிறது. உறங்கும் பணம் என்னும் நோய்க்கு இது நல்ல மருந்து. ஆனால் ஊராட்சிக்கு இதனால் ஏற்பட்ட விளைவைச் சிலரே உணர்ந்துள்ளனர். பணம் நம் ஒன்றியத்தின் பெயரில் எங்கும் காத்திருப்பதில்லை. பட்டியல் போட்டவர்க்குப் பணம். போடாதவர்க்கு ஒதுக்கீடு மட்டுமே. முன்னே தண்ணீரைத் தொட்டியில் நிரப்பி வைத்திருந்தார்கள்; இப்பொழுது குழாயைத் திறப்பவர் குடத்துடன் நிற்கவேண்டும்.

மூன்றாவது, முகமையின் நிர்வாகச் செலவு. 1999 இல் தொடங்கிய தனித் திட்டத்தை மத்திய அரசாங்கம் 2022 ஏப்ரல் முதல் நாளோடு நிறுத்திவிட்டது. முகமைகளை மாவட்ட ஊராட்சிகளுடன் இணைத்துக் கொள்ளலாம் என்பது அதன் அறிவுரை. அதன் பின்னரும் தமிழ்நாட்டில் முகமையின் பெயரும் திட்ட இயக்குநர் பதவியும் நீடித்தன. ஆனால் 75 பங்கு கொடுத்தவர் விலகிக் கொண்டார். அலுவலகச் செலவு மாநிலத்தின் பொறுப்பாகவும், ஒவ்வொரு திட்டத்திற்குள்ளும் அனுமதிக்கப்படும் நிர்வாகப் பங்காகவும் மாறிற்று. மகாத்மா காந்தி தேசிய ஊரக வேலை உறுதித் திட்டம் நம் மாவட்டத்திற்கு 2008 ஏப்ரலில் வந்தது. அதில் நிர்வாகச் செலவுக்கு நூற்றுக்கு 6 வரை இடம் இருந்தது. இவ்வாறு, 1999 இல் பிரித்து வைத்த இரண்டு பைகளும் இருபத்து மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு ஓரளவு மீண்டும் ஒன்றாயின. இது பின்னோக்கிய அடி என்றே எனக்குத் தோன்றுகிறது. சங்கமாகப் பதிவான அமைப்பு அரசாங்கத்தின் நிழலாகவே இயங்கும்போது அதற்குத் தனிச் செலவு எதற்கு என்று வாதிப்போரும் உளர். அவர்கள் வாதத்திலும் பொருள் இல்லாமல் இல்லை.

பணம் எவ்வளவு வருகிறது என்பதைப் போலவே எந்த அளவுகோலால் பங்கிடப்படுகிறது என்பதும் கவனிக்கத்தக்கது. 2006-07 முதல் ஐந்து ஆண்டுகள் நடைபெற்ற அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில், மாநிலத்திலிருந்த 12,618 ஊராட்சிகளும் ஆண்டுக்கு ஐந்தில் ஒரு பங்கு வீதம் எடுத்துக் கொள்ளப்பட்டு, ஓர் ஊராட்சிக்கு 20 இலட்சம் ரூபாய் என்று வகுக்கப்பட்டது. எளிய விதி, எவர்க்கும் விளங்கும். ஆனால் கொங்கு நாட்டின் குடியிருப்பு முறைக்கு அது முற்றும் பொருந்தவில்லை. தஞ்சைப் பக்கத்தில் வீடுகள் தெருத்தெருவாக நெருங்கி நிற்கும். நம் பக்கத்தில் குடியானவர் தோட்டத்திலேயே வீடு கட்டிக் கொண்டு வாழ்பவர். ஓர் ஊராட்சியில் பல குக்கிராமங்கள், ஒன்றுக்கொன்று தொலைவு, ஒவ்வொன்றுக்கும் தனிப் பாதை, தனிக் குடிநீர்த் தொட்டி, தனித் தெருவிளக்கு. ஒரே 20 இலட்சம் ஓரிடத்தில் நிறைவாகவும் மற்றோரிடத்தில் கால் பங்காகவும் தோன்றியது. 2011-12 இல் தொடங்கிய தமிழ்நாடு கிராமக் குடியிருப்புகள் மேம்பாட்டுத் திட்டம் ஊராட்சியை விட்டுக் குடியிருப்பை அலகாகக் கொண்டது. குடியிருப்புகள் மிகுதியாக உள்ள ஊராட்சிக்கு மிகுதியான தொகை கிடைத்தது. அளவுகோலை மாற்றியதாலேயே சிதறிய ஊர்களுக்குப் பங்கு கூடிற்று. ஆதலின் உங்கள் ஊராட்சியின் குக்கிராமப் பட்டியல் பதிவேட்டில் சரியாக உள்ளதா என்று பார்ப்பது வீண் வேலை அன்று.

நிதிக் குழுக்களின் மானியமும் இத்தகைய நிபந்தனைகளோடு வந்ததே. 2021-22 முதல் 2025-26 வரையிலான பதினைந்தாவது நிதிக் குழுவின் மானியத்தில் நூற்றுக்கு 60 பங்கு குடிநீருக்கும் துப்புரவுக்கும் மட்டுமே உரியது. எஞ்சிய 40 பங்கே ஊராட்சியின் விருப்பத்திற்கு விடப்பட்டது. சாலை போடவேண்டும் என்று மக்கள் கேட்கும்போது உறுப்பினர் முதலில் பார்க்கவேண்டியது எந்தப் பங்கில் பணம் உள்ளது என்பதே. தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லாத இடத்திற்கு இம்மானியம் இல்லை என்பதும் விதி. 2016 அக்டோபர் முதல் 2020 ஜனவரி வரை தமிழ்நாட்டு ஊராட்சிகளில் மன்றங்கள் இல்லாதிருந்தபோது, மத்திய மானியம் நிறுத்தி வைக்கப்பட்டதைப் பலரும் நினைவில் வைத்திருப்பர்.

இனி உறுப்பினர் ஒருவர் முகமையின் அறிக்கையையோ ஒன்றியத்தின் அறிக்கையையோ கையில் வாங்கினால் எவ்வாறு படிக்கவேண்டும்? பலரும் 'ஒதுக்கீடு' என்னும் பத்தியைப் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். அது கடைசியாகப் பார்க்கவேண்டியது. தொடக்க இருப்பைப் பாருங்கள். அது பெரிதாக இருந்தால் சென்ற ஆண்டு வேலை நின்றிருக்கிறது. பிறகு உண்மையில் வந்த தொகையை ஒதுக்கீட்டோடு ஒப்பிடுங்கள். வேறுபாடு மிகுதியானால் இரண்டாம் தவணை வரவில்லை, ஏன் வரவில்லை என்று கேளுங்கள். செலவுப் பத்தியில் முன்பணம் கலந்துள்ளதா என்று வினவுங்கள். முடிவு இருப்பையும் முடியாத பணிகளின் பட்டியலையும் அருகருகே வைத்துப் பாருங்கள். முடியாத பணிகள் பலவாகவும் இருப்பு சிறிதாகவும் இருந்தால், அடுத்த ஆண்டுப் பணம் இப்பொழுதே செலவாகிவிட்டது என்பது பொருள். இவ்வளவையும் பார்க்க அரை மணி நேரம் போதும். பட்டதாரியாக இருக்கவேண்டியதும் இல்லை.

கிராம சபை ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் கூடிவந்தது. 2022 இல் மார்ச் 22 உம் நவம்பர் 1 உம் சேர்க்கப்பட்டன. இவற்றுள் வரவு செலவுக்கு முக்கியமானவை இரண்டு என்பேன். அக்டோபர் 2 ஆம் நாள் கூட்டத்தில் அடுத்த ஆண்டின் ஊராட்சி வளர்ச்சித் திட்டத்திற்கான பணிகள் முன்வைக்கப்படுகின்றன. 2018 முதல் இதற்கென்றே நாடு முழுவதும் இயக்கம் நடத்தப்படுகிறது. அன்று பட்டியலில் ஏறாத பணிக்கு ஏப்ரலில் மதிப்பீடு கேட்பது வீண். மார்ச் 22 ஆம் நாள் கூட்டமோ ஆண்டு முடிய ஒன்பது நாட்கள் இருக்கும்போது கூடுகிறது. பெயர் என்னவோ தண்ணீர் நாள். எனினும் அளவுப் புத்தகத்தில் பதியப்படாத பணிகள் எவை, பட்டியல் ஏறாதவை எவை, யாரிடம் நிற்கின்றன என்பதைப் பெயரிட்டுக் கேட்க அதைவிடப் பொருத்தமான நாள் இல்லை. அவ்வாறு கேட்கப்பட்டு, விடையும் சபையின் தீர்மானப் புத்தகத்தில் எழுதப்பட்டுவிட்டால், அதன் நகல் ஒன்றிய அலுவலகத்திற்கு வரும். அங்கிருந்து பொறியாளரின் மேசைக்கும் அது போகும்.